பாதி காட்டிய முள்



சென்ற வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. உடல்நலம் குன்றியதோ என்று சிலர் விசாரித்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. நான் நலமாகவே இருந்தேன். காசிமேட்டில் ஒரு விசைப்படகின் தளத்துக்குக் கீழே, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, ஒரு பெரியவருக்கு டார்ச் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அந்த வேலை நடந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது என் வெள்ளைச் சட்டை இருந்த நிலையைப் பற்றி என் மனைவி கூறியதை இங்கே எழுதுவதற்கில்லை.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம். டோல்கேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலைக்கு இறங்கி, கண்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடந்து காசிமேட்டுக்குப் போனால், அந்நாட்களில் துறைமுகத்தில் மீன் வாசனையைவிடப் பெயிண்ட் வாசனையே மிகுந்திருக்கும். ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட பழுதுகளெல்லாம் அப்போதுதான் பார்க்கப்படும். நம் சபையின் சகோதரர் ஒருவருடைய படகும் அவ்வாறு நின்றது. அவரும் அவருடைய படகில் செல்வோரும் சம்மதித்ததாலேயே இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தப் படகு தடைக்காலத்துக்குச் சற்று முன் ஏப்ரல் முதல் வாரத்தில் கடலுக்குப் போனது. ஒன்பது பேர்; பத்து நாள் தங்கி மீன்பிடிப்பதாகத் திட்டம். காசிமேட்டில் பெரும்பாலான படகுகளில் குடிநீரைப் பிளாஸ்டிக் பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் மேல்தளத்தில் வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்துவிடும். நம் சகோதரர் படகைப் புதுப்பித்தபோது, மேல்தளத்தில் இடத்தை மிச்சப்படுத்த வேண்டித் தளத்தின் கீழே ஆயிரம் லிட்டர் கொள்ளும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி ஒன்றை அமைத்தார். குழாயைத் திறந்தால் சிறிய மின்பம்பு தானே ஓடித் தண்ணீர் தரும். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஓட்டுநர் அறையில் உள்ள ஒரு கேஜ் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஒன்றை மட்டும் அது எடுத்துப்போட்டது: மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் பழக்கத்தை.

ஆயிரம் லிட்டரை ஒன்பது பேருக்குப் பத்து நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 11 லிட்டர். குடிக்க, சமைக்க, முகம் கழுவ அதுவே. குளிப்பதெல்லாம் கடல்நீரில். ஆறாம் நாள் மாலை பம்பு ஓடியது, தண்ணீர் வரவில்லை. கேஜைப் பார்த்தார்கள். முள் பாதியில் நின்றது. ஆகவே பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார்கள். பம்பைக் கழற்றி, வடிகட்டியைத் துடைத்து, குழாய்களை ஊதிப் பார்த்து, இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் சமையல் வேலைக்கு நிற்கும் பதினெட்டு வயதுத் தம்பி, தொட்டியின் ஆய்வு மூடியின் திருகுகளைத் தானாகவே கழற்றி, ஒரு கழியை உள்ளே விட்டான். கழி நனையாமலே அடியைத் தட்டியது. தொட்டியில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை.

உயிர்போகும் நிலை வந்துவிட்டது என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். ஆனால் கரை ஏறத்தாழ 120 கடல் மைல் தூரத்தில் இருந்தது. அவர்கள் படகின் வேகத்துக்கு அது ஓர் இரவும் ஒரு பகலில் பாதியும். சித்திரை வெயில் தொடங்கும் காலம். ஒன்பது பேரில் ஒருவர் சர்க்கரை நோயாளி. அன்று காலையிலிருந்தே வாந்தி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் அந்த அளவு உப்பை வெளியேற்றவேண்டுமானால், குடித்த தண்ணீரைவிட மிகுதியான தண்ணீரை உடலிலிருந்தே எடுத்துச் செலவிடும். ஆகவே குடிக்கக் குடிக்க உடல் வறளும். கரையில் இருக்கும் நமக்கு இது விளங்குவது கடினம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது; வடசென்னையில் நாம் குழாயைத் திறந்து கடலையே குடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒன்பது பேரோ கடலின் மேல் மிதந்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீருக்கு வானொலியில் ஆள் தேடினார்கள்.

ஐந்து மணி நேரம் கழித்து, அறிமுகமில்லாத வேறொரு படகு அருகே வந்து மூன்று கேன் தண்ணீர் தந்தது. இருபது லிட்டர் கேன்கள். காசு வாங்கவில்லை. அதை வைத்துக்கொண்டு கரை திரும்பினார்கள். டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய கடன் அப்படியே நின்றது. நான்கு நாள் மீன்பாடு போயிற்று.

கரைக்கு வந்த பிறகு ஒரு செய்தி வெளிப்பட்டது. அந்தத் தம்பி மூன்றாம் இரவே ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறான். அவன் படுப்பது பம்பு இருக்கும் மூலையில். "அண்ணே, யாரும் குழாய் தொறக்கலை. ஆனா ராத்திரில பம்பு தானா ஓடி ஓடி நிக்குது" என்றிருக்கிறான். ஓட்டுநர் தலையைத் திருப்பிக் கேஜைப் பார்த்தார். முள் நிறைவில் நின்றது. "ஃபுல்லா இருக்குடா. போய்ப் படு" என்றார். நான்காம் இரவும் அவன் சொன்னான். அப்போதும் முள் நிறைவுக்கருகிலேயே நின்றது. ஐந்தாம் இரவு அவன் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வரியைச் சகோதரர் என்னிடம் சொன்னபோதுதான், நானும் உங்களோடு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

நம் சபையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகள் எலக்ட்ரீசியனாக உழைத்து ஓய்வுபெற்றவர். அவரைத்தான் அழைத்துப் போனோம். ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு திருப்புளி, பழைய துணி ஒன்று. இவ்வளவே அவர் கொண்டுவந்தவை. படகுக்காரர் புதிய கேஜ் ஒன்று வாங்கி வைத்திருந்தார். "அத்த அப்புறம் பிரிப்போம்பா. மொதல்ல எது பொய் சொல்லுதுன்னு தெரியணும்" என்றார் பெரியவர்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் படகு வைத்திருப்போருக்கு நேரடியாகவே பயன்படும்.

தொட்டிக்குள் செங்குத்தாக ஒரு கம்பி நிற்கிறது. அதில் மிதவை ஒன்று தண்ணீரோடு ஏறி இறங்கும். மிதவை நிற்கும் இடத்துக்கேற்ப அந்தச் சென்சாரின் மின்தடை மாறும். அந்தத் தடையைத்தான் மேலே உள்ள கேஜ் முள்ளாகக் காட்டுகிறது. இருவருக்கும் இடையே ஓர் ஒயர் போகிறது. எர்த் ஒயர் ஒன்று திரும்பி வருகிறது. ஆக, பொய் நான்கில் ஓரிடத்தில் இருக்கவேண்டும்: கேஜ், சென்சார், போகும் ஒயர், எர்த்.

முதலில் பேட்டரியின் மின்னழுத்தம் கேஜ் வரை சரியாக வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அடுத்துக் கேஜின் பின்புறத்திலிருந்து சென்சார் ஒயரை மட்டும் கழற்றினார். முள் சரேலென நிறைவைத் தாண்டி ஓடி முட்டி நின்றது. பிறகு அந்த முனையை எர்த்தோடு தொடவைத்தார். முள் சுழியத்தில் விழுந்தது. "கேஜ் நல்லாத்தான் இருக்கு ஐயா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, படகுக்காரரிடம் புதுக் கேஜைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

பின்பு கீழே இறங்கினோம். சென்சாரின் இரு முனைகளிலும் நேரடியாக மீட்டரை வைத்தார். தொட்டி வறண்டிருந்தது, மீட்டர் 11 ஓம் காட்டியது. சென்சாரை வெளியே எடுத்து மிதவையைக் கையால் மேலே தள்ளினார். 180 வரை ஏறியது. அந்த வகைச் சென்சாருக்குக் காலி என்றால் ஏறத்தாழ 10, நிறைவு என்றால் 180. சென்சாரும் மெய்யே சொல்கிறது. மறுபடி மேலே ஏறி, கேஜ் இருக்கும் இடத்திலிருந்து அதே சென்சாரை அளந்தார். 91. கீழே 11 என்று புறப்பட்ட செய்தி மேலே 91 என்று வந்து சேர்ந்தது. வழியில் எங்கோ 80 ஓம் ஒளிந்திருக்கிறது.

அதைத் தேடத்தான் மீதி இரண்டு நாளும். எர்த் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனோம். எஞ்சின் அறைச் சுவரைத் தாண்டி, படகின் அடிவயிற்றில் கசிவுநீர் தேங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு போல்ட்டில் அது பூட்டப்பட்டிருந்தது. பார்த்தால் பூட்டியே இருந்தது, இழுத்தாலும் வரவில்லை. இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சையாகக் களிம்பு. செம்பு ஒயரை வெறுமனே முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருக்கிறார்கள். உப்புக் காற்று உள்ளே புகுந்து செம்பைத் தின்றிருக்கிறது. (சைவ சித்தாந்தத்தார் ஆன்மாவைப் பற்றிய மலத்துக்குச் செம்பில் ஏறும் களிம்பை உவமையாகச் சொல்வர் என்று இறையியல் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒருவர் கற்பித்தார். உவமையை முப்பதாண்டுகளாக அறிவேன். களிம்பை முகத்தருகே வைத்துப் பார்த்தது அன்றுதான்.)

இப்போது கணக்கைப் பாருங்கள். தொட்டியில் பாதி உயரம் தண்ணீர் இருக்கும்போது சென்சார் ஏறத்தாழ 95 சொல்லும். களிம்பின் 80 சேர்ந்து 175 ஆகும். கேஜ் அதை நிறைவு என்று காட்டும். முற்றிலும் காலியாகும்போது 10 என்று சென்சார் சொல்லும். 80 சேர்ந்து 90. கேஜ் அதைப் பாதி என்று காட்டும். அதாவது உண்மையான முதல் பாதி தீரும்வரை முள் அசையாது. இரண்டாம் பாதி தீரும்போது மெல்ல இறங்கிப் பாதியில் வந்து நின்றுவிடும். அந்தத் தம்பி இரவில் கேட்ட ஓசைக்குக் காரணமும் அருகிலேயே கிடைத்தது. பம்பிலிருந்து போகும் ஒரு ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து மெலிதாக ஒழுகியது. ஒழுகியதால் அழுத்தம் குறையும். குறைந்ததும் பம்பு தானே ஓடும். ஆறு நாளில் ஒன்பது பேர் செலவிட்டது சுமார் 600 லிட்டர். மீதி 400 லிட்டர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி, கசிவுநீரை இறைக்கும் தானியங்கிப் பம்பின் வழியே கடலுக்குப் போயிருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படாமல்.

வேலையினூடே பெரியவர் சொன்ன ஒன்று என்னை விட்டு நீங்கவில்லை. இவ்வகைக் கேஜ்களில் உலகில் இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளனவாம். ஐரோப்பிய முறையில் காலி 10 ஓம், நிறைவு 180. அமெரிக்க முறையில் தலைகீழ்: காலி 240, நிறைவு 33. ஒன்றின் சென்சாரை மற்றதன் கேஜோடு இணைத்தால் தண்ணீர் தீரத் தீர முள் ஏறும். ஆனால் அவர் சொல்ல வந்தது அதுவன்று. ஒயர் அறுந்தால் தடை அளவற்றதாகிவிடும். அப்போது அமெரிக்க முறைக் கேஜ் 'காலி' என்று காட்டும். ஐரோப்பிய முறைக் கேஜ் 'நிறைவு' என்று காட்டும். "ரெண்டும் கெட்டுப்போச்சு. ஒண்ணு கெட்டா நம்மளைப் பயமுறுத்தும், போய்ப் பார்ப்போம். இன்னொண்ணு கெட்டா நம்மளைத் தூங்கவைக்கும்" என்றார்.

பிரியமானவர்களே, நான் எந்த முறையில் இணைக்கப்பட்டவன் என்று அந்த இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல். அதில் 276 பேர். புயலில் அலைக்கழிந்து பதினாலாம் இரவு, நடுநிசியில், கரை நெருங்குகிறது என்று மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டு. அவர்கள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் விட்டு ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம். சற்றுத் தூரம் போய் மறுபடி விடுகிறார்கள். பதினைந்து பாகம். ஆறடி ஒரு பாகம் என்று கொண்டால் 120 அடி 90 அடியாகிவிட்டது. உடனே கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போடுகிறார்கள். நம் வேதாகமத்தில் உள்ள அந்தப் 'பாகம்' என்ற சொல்லையே காசிமேட்டில் இன்றும் ஆழத்துக்குச் சொல்கிறார்கள். இரு கைகளையும் விரித்துக் கயிற்றை அளக்கும் அளவு அது. லூக்கா அங்கே எழுதும் கிரேக்க வினைச்சொல்லுக்கும் ஈயக்குண்டை எறிந்து அளத்தல் என்றே பொருள். கல்லூரி நாட்களில் அந்தச் சொல்லை இலக்கணத்துக்காக மனனம் செய்தேன். முதல்முறை அளந்து நிம்மதி அடையாமல் சற்றுத் தூரத்தில் மறுபடியும் ஏன் அளந்தார்கள் என்பதைக் குறித்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஓர் அளவு ஒன்றும் சொல்லாது. இரண்டாம் அளவுதான், கப்பல் எதை நோக்கிப் போகிறது என்று சொல்லிற்று.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கப்பலின் அடியில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறதென்று கம்பி விட்டு அளப்பது கப்பல் தச்சனின் அன்றாடக் கடமை. இன்றைய பெருங்கப்பல்களிலும், மின்னணு மானிகள் எத்தனை இருந்தாலும், தொட்டி ஒவ்வொன்றுக்கும் கம்பி விட்டு அளக்கும் குழாய் இருக்கிறது. அந்தக் குழாயின் அடியில் தடித்த தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். நாள்தோறும் கம்பி இறங்கி ஒரே இடத்தில் தட்டித் தட்டி அடித்தகடு ஓட்டையாகிவிடக்கூடாதே என்பதற்காக. அத்தனை தடவை தட்டிப் பார்ப்பார்கள் என்று கட்டும்போதே எதிர்பார்க்கிறார்கள்.

இனி நான் எழுதப்போவது எனக்கு எளிதன்று. இதற்கும் உரியவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

நம் சபையில் ஒரு சகோதரி. ஞாயிறு ஆராதனைக்கு ஒரு வாரமும் தவறியதில்லை. பாடகர் குழுவில் நிற்பவர். காணிக்கை உறையும் மாதந்தோறும் வந்துவிடும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஓய்வுநாள் பள்ளியில் உதவும் ஓர் இளம்பெண் என்னிடம் வந்து, "பாஸ்டர், அந்த அக்கா வீட்டுல ஏதோ சரியில்லைன்னு தோணுது" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவளால் தெளிவாகச் சொல்லமுடியவில்லை. பிள்ளை, வகுப்பில் கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிடாமல் பையில் எடுத்துவைக்கிறாள் என்றாள். நான் வருகைப் பதிவேட்டை நினைத்தேன். அந்தக் குடும்பத்தின் பெயருக்கெதிரே ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. "அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அம்மா. ஜெபித்துக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மறுபடி வரவில்லை. ஐந்தாம் இரவு அந்தத் தம்பி மறுபடி சொல்லாததுபோலவே.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வகுப்பிலேயே மயங்கி விழுந்தபோதுதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவருக்கு ஒப்பந்த வேலை நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. சமையலறையில் ஸ்டவ்வின் மேல் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சில நாட்களில் பிள்ளைகளுக்கு மட்டும். காணிக்கை உறையில் வந்த பணம் எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். கம்மலை அடகு வைத்து. "குறைச்சா, நீங்க ஏன்னு கேப்பீங்கன்னு பயமா இருந்துச்சு பாஸ்டர்" என்றார்.

அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சென்சார் மெய்யே சொல்லிற்று: பிஸ்கட்டைப் பையில் வைத்த பிள்ளையின் கை அதைச் சொல்லிற்று. ஓர் இளம்பெண் அதைக் கேட்டு எனக்குக் கொண்டுவந்தாள். அது என்னை அடைந்தபோது அதனோடு ஒரு 80 ஓம் சேர்ந்திருந்தது. என் பதிவேடு, என் அனுபவம், எனக்கு என் சபையைத் தெரியும் என்கிற என் எண்ணம். லவோதிக்கேயா சபையைக் குறித்து நான் எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன்! குறைவில்லை என்று தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொண்ட சபை அது. அந்த வசனங்களை வாசிக்கும்போதெல்லாம் நான் மேடையில் நின்று உங்களைப் பார்த்தே வாசித்திருக்கிறேன்.

அந்தக் குடும்பத்துக்கு இப்போது வேலையும் உணவும் இருக்கிறது. உங்களில் சிலர் சத்தமில்லாமல் செய்த உதவி அது. அந்த இளம்பெண்ணிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டு, "பரவாயில்லை பாஸ்டர்" என்றாள். அது பரவாயில்லாத காரியமன்று என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

படகின் காரியத்துக்கு வருகிறேன். பெரியவர் களிம்பேறிய ஒயரைக் கறுத்த பகுதி முழுவதும் போகும்வரை வெட்டி எறிந்தார். ஏறத்தாழ ஒரு முழம் போயிற்று. வெளியே நன்றாகத் தெரிந்த ஒயரும் உள்ளே கறுத்திருந்தது. ஈயம் பூசிய செம்பு ஒயரைப் புதிதாக இழுத்து, முனையில் லக் வைத்து அழுத்தி, சூடுபட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையைப் போட்டு, கசிவுநீர் தெறிக்காத உயரத்தில் பூட்டினார். மேலே சென்று அளந்தார். 11. கேஜின் முள் முதல்முறையாகச் சுழியத்தில் நின்றது. ரப்பர் குழாய்க்கு எஃகுக் கிளிப் இரண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு அறுநூறு ரூபாயைத் தாண்டவில்லை. திருப்பிக் கொடுத்த கேஜின் விலை அதைப்போல் பல மடங்கு.

படகுக்காரர் அத்துடன் முடிந்தது என்று எண்ணினார். பெரியவர் விடவில்லை. "முள்ளு சரியாச்சு. ஆனா முள்ளு உயரத்தைத்தான் சொல்லும், தண்ணிய சொல்லாது" என்றார். அந்தத் தொட்டி படகின் அடிப்பக்க வளைவுக்கேற்ப மேலே அகன்று கீழே குறுகிச் செய்யப்பட்டது. ஆகவே உயரத்தில் பாதி என்பது அளவில் பாதி ஆகாது. (நம் புழல் ஏரியின் நீர்மட்டத்தையும் கொள்ளளவையும் நாளிதழ்கள் தனித்தனியே அச்சிடுவது இதனால்தான், முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 2019 கோடையில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துக் குடம் வாங்கியவர்கள் நாம்.)

எனவே கடைசி நாள் தொட்டியைக் கேன் கேனாக நிரப்பினோம். இருபது லிட்டர் கேன் ஐம்பது. ஐந்து கேன் ஊற்றியதும் நிறுத்துவோம். தம்பி, நன்றாகத் தேய்த்துக் கழுவிய ஒரு எஃகுக் கம்பியை மூடித் துளை வழியாக இறக்கி, நனைந்த இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போடுவான். நான் நோட்டில் குறிப்பேன். முதல் நூறு லிட்டருக்கான கீறல் ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் விழுந்தது. மேலே போகப் போகக் கீறல்கள் நெருங்கின. கடைசி நூறு லிட்டர் நான்கு விரற்கடைக்குள் அடங்கிற்று. பாதி உயரத்தில் இருந்தது நானூறு லிட்டருக்கும் குறைவு. கம்பி இறங்கித் தட்டும் இடத்தில் சிறிய தகடு ஒன்றும் வைத்தாயிற்று. ஐம்பது கேன் தூக்கியதில் என் தோள் இரண்டு நாள் வலித்தது. நான் தூக்கியவை பத்துக்கும் குறைவே என்பதை உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுநர் அவ்வேளை அங்கு நின்றார். அதிகம் பேசாதவர். தம்பி பதினோராவது கீறலைப் போட இடமில்லாமல் அண்ணாந்து பார்த்தபோது, கம்பியை அவன் கையிலிருந்து வாங்கி, துடைத்து, ஓட்டுநர் அறையில் கேஜுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி அடித்து அதை மாட்டினார். "தெனம் சாயங்காலம் நீ பாரு. பார்த்துட்டு எங்கிட்ட வந்து நம்பரைச் சொல்லு. நான் கேக்கலைனாலும் சொல்லு" என்றார். தம்பி, "சரிண்ணே" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

தடைக்காலம் முடிந்த இரவு துறைமுகம் முழுவதும் எஞ்சின் ஓசை. வழக்கம்போல் அன்றும் படகுகளுக்காக ஜெபிக்கச் சென்றிருந்தேன். அவர்கள் படகு கிளம்பி நான்காம் நாள் மாலை சகோதரரின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கரைக்குத் திரும்பிய வேறொரு படகின் ஓட்டுநர் வழியே அவருக்குச் செய்தி வந்தது. மீன்பாடு எப்படி என்று அவர் கேட்டார். பரவாயில்லை என்றார்கள். பின்பு, அந்தச் சமையல்காரப் பையன் பாஸ்டருக்கென்று ஒரு எண்ணைச் சொல்லியனுப்பியதாகவும், அது என்னவென்று தங்களுக்குப் புரியவில்லை என்றும் சொன்னார்கள். ஐந்தாம் கீறலுக்கு இரண்டு விரல் மேலே.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 560 லிட்டர். நான்கு நாளுக்கு ஒன்பது பேரின் செலவைக் கழித்தால் இருக்கவேண்டியது 600. நாற்பது குறைகிறது. வந்ததும் அந்தக் கிளிப்புகளை மறுபடி பார்க்கவேண்டும் என்று பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.